அலகை மட்டும் பார்த்தால் போதுமா? சிறு பறவைகளின் உடலமைப்பும் இரை தேடும் விதமும்

கிளைநுனி:

நாலைந்து வகைச் சிறு பறவைகள் ஒரே மரத்தில் சேர்ந்து இரை தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டாணிக்குருவி கிளை நுனியில் தலைகீழாகத் தொங்குகிறது. கதிர்குருவி இலைக்கு இலை தாவுகிறது. பசையெடுப்பான் அடிமரத்தில் தலையைக் கீழே வைத்து இறங்கி வருகிறது. ஈப்பிடிப்பான் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்து, பூச்சி பறந்தால் பாய்ந்து பிடித்துவிட்டுத் திரும்புகிறது. எல்லாமே முப்பது கிராமுக்குள் அடங்கிவிடும் பறவைகள்.

அலகைப் பார்த்தால் உணவைச் சொல்லிவிடலாம் என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் பூச்சி தின்னும் சிறு பறவைகள் பலவற்றுக்கும் அலகு கிட்டத்தட்ட ஒரே மாதிரி: மெல்லியது, நேரானது, கூரானது. அப்படியிருந்தும் ஒன்று நாள் முழுக்கத் தொங்குகிறது, இன்னொன்று தொங்குவதே அபூர்வம். இதற்கு உடம்பில் எங்கே பார்க்க வேண்டும்? இல்லை, உடம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் வெறும் பழக்கம்தானா?

நாண்தசை:

முதலில் காலைப் பாருங்கள். அப்புறம் எடை. அலகு எனக்கு மூன்றாவதுதான்.

பறவை தலைகீழாகத் தொங்கும்போது உடலின் எடை காலை இழுத்து நீட்டப் பார்க்கும். அதை எதிர்த்துக் காலை மடக்கி, உடலைக் கிளையோடு ஒட்ட வைத்தால்தான் அலகு இலையின் அடிப்பக்கத்துக்கு எட்டும். இந்த வேலையைச் செய்கிற தசை கீழ்க்காலின் முன்புறம் ஓடி, கணுக்கால் மூட்டைக் கடந்து, அதற்கு அடுத்த எலும்பின் முன்பக்கத்தில் நாணாக ஒட்டுகிறது. (பறவைக்கு முழங்கால் பின்னோக்கி மடங்குகிறது என்று பலர் நினைப்பது இந்தக் கணுக்கால் மூட்டைத்தான். உண்மையான முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது.)

அந்த நாண் மூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி ஒட்டுகிறது என்பதுதான் விஷயம். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், பிறகு கைப்பிடியில் தள்ளிப் பாருங்கள். அதே கணக்கு. தள்ளி ஒட்டியிருந்தால் மடக்கும் வலு அதிகம், ஆனால் அசைவு மெதுவாக இருக்கும். பட்டாணிக்குருவி போன்ற தொங்கும் பறவைகளில் அது தள்ளி ஒட்டியிருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து தாவித் திரியும் பறவைகளில் மூட்டுக்கு அருகிலேயே ஒட்டுகிறது.

எடைக் கணக்கு இன்னும் எளிது. உடல் எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதானால் எடை எட்டு மடங்கு ஆகும், ஆனால் தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு நாலு மடங்குதான். வலு அந்தப் பரப்பைப் பொறுத்தது. ஐரோப்பாவின் கரிப் பட்டாணிக்குருவி சுமார் 9 கிராம், பெரும் பட்டாணிக்குருவி சுமார் 18 கிராம். உருவம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் எடை இரு மடங்கு, வலுவோ 1.6 மடங்குதான். பெரியது தடித்த கிளைகளிலும் தரையிலும் அதிகம் மேய்வதும், சின்னது ஊசியிலைக் கொத்துகளின் நுனிவரை போவதும் இதனால் ஆச்சரியமில்லை. நுனிக்கிளை வளைவது தனிக் கதை.

வானம்பாடி_கே:

எடைதான் காரணம் என்றால் கதிர்குருவி இன்னும் லேசாயிற்றே? பல இலைக் கதிர்குருவிகள் பத்து கிராம்கூட இருக்காது. அவை ஏன் பட்டாணிக்குருவி போலத் தொங்குவதில்லை?

நாண்தசை:

அதனால்தான் காலை முதலில் சொன்னேன். 8 கிராம் கதிர்குருவியைவிட 18 கிராம் பெரும் பட்டாணிக்குருவி அதிகம் தொங்கும். கதிர்குருவியின் கால் மெலிந்தது. தாவவும் எட்டிப் பறிக்கவும் ஏற்றது. இலையின் அடியில் பூச்சி இருந்தால் அது பெரும்பாலும் ஒரு கணம் சிறகடித்து அந்தரத்தில் நின்று கொத்திவிடும். நெருங்கிய உறவுள்ள பறவைகளை ஒப்பிடும்போது எடை நன்றாகப் பேசும். குடும்பம் மாறினால் காலின் கட்டமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னும் நுணுக்கமாகப் போக வேண்டுமா? ஐரோப்பாவில் கோல்ட்கிரெஸ்ட், ஃபயர்கிரெஸ்ட் என்று இரண்டு குட்டிப் பறவைகள் உண்டு. இரண்டும் 5, 6 கிராம், தூரத்திலிருந்து பார்த்தால் பிரித்தறிவதே சிரமம். முதலாவது ஊசியிலைகளைப் பற்றித் தொங்குவது. அதன் உள்ளங்காலில் ஆழமான வரிப்பள்ளங்கள் இருக்கின்றன. இரண்டாவது கிளையின் மேற்பரப்பில் அதிகம் நடமாடும், அதன் உள்ளங்கால் வழவழப்பானது. அலகை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

சிறகடி:

கால் பற்றிச் சொல்லியாயிற்று, நான் வாலுக்கு வருகிறேன். மரங்கொத்தி செங்குத்தான மரத்தில் ஏறும்போது இரண்டு காலும் வாலும் சேர்ந்து மூன்று ஊன்றுகோல். வாலின் நடு இறகுகள் விறைப்பானவை. இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கும் காலத்தில் அந்த நடு ஜோடி கடைசியில்தான் விழும். மற்றவை வளர்ந்து தாங்கத் தயாரான பிறகு. ஐரோப்பிய ட்ரீகிரீப்பரும் அப்படியே. எட்டு, பத்து கிராம் பறவை அது. வாலை ஊன்றி, வளைந்த மெல்லிய அலகால் பட்டை இடுக்கைத் துழாவிக்கொண்டே மேலே போகும். உச்சிக்குப் போனதும் அடுத்த மரத்தின் அடிக்குப் பறந்து வந்து மறுபடி ஏறும். வாலை நம்பி ஏறுகிறவனுக்கு இறங்குவது வசதிப்படாது.

பசையெடுப்பான் வாலை நம்புவதில்லை. வால் குட்டை, மென்மை. ஒரு காலை மேலே வைத்து நகத்தால் தொங்கிக்கொண்டு, இன்னொரு காலைக் கீழே ஊன்றிக்கொள்ளும். எந்தக் காலையும் மேலே வைக்கலாம் என்பதால் எந்தத் திசையிலும் போகலாம். மேலே ஏறுகிறவன் பார்க்காத இடுக்கில் இருக்கும் பூச்சி இறங்கி வருகிறவன் கண்ணில் படும்.

ஆனால் ஒன்று. தென் அமெரிக்காவில் மரமேறும் வுட்கிரீப்பர் விறைத்த வாலை ஊன்றுகிறது. ஆஸ்திரேலியாவின் ட்ரீகிரீப்பர்கள் (ஐரோப்பியப் பறவைக்குப் பெயரில் மட்டும்தான் சொந்தம்) அதே வேலையை வாலை ஊன்றாமல், வலுவான காலையும் நகத்தையும் வைத்தே முடித்துவிடுகின்றன. ஒரே பிழைப்புக்கு இரண்டு உடலமைப்பு.

சந்தேகி:

இந்தக் கடைசிப் பத்தியை அடிக்கோடிடுகிறேன். ஒரே வேலையை இரண்டு விதமான உடம்பும் செய்யும் என்றால், உடம்பைப் பார்த்து வேலையைச் சொல்கிறோம் என்பது என்ன ஆகிறது?

மறுபக்கமும் உண்டு. ராபர்ட் மெக்ஆர்தர் 1958-இல் வெளியிட்ட ஆய்வு: அமெரிக்காவின் ஸ்புரூஸ் (ஊசியிலை மரம்) காடுகளில் ஒரே பேரினத்தைச் சேர்ந்த ஐந்து வார்ப்ளர்கள் (பூச்சி தின்னும் சிறு பறவைகள்). அளவும் உருவமும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் மரத்தை 16 பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு எந்தப் பறவை எங்கே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று குறித்தார். ஒன்று உச்சியின் வெளி ஓரத்தில், ஒன்று நடுவில் உட்பக்கமாக, இன்னொன்று அடிக்கிளைகளில் என்று பிரிந்தன. உடல் கிட்டத்தட்ட ஒன்று, நடத்தை வேறு.

எனக்கு இந்தத் துறையில் உள்ள எரிச்சலே, பறவையைப் பார்த்த பிறகு கதை கட்டுவதுதான். ஈப்பிடிப்பானின் வாயோரத்தில் முறுக்கு மீசை போல விறைத்த இறகுகள் இருக்கின்றன அல்லவா? அவை பூச்சியை அள்ளும் வலை என்று எத்தனை பேர் எழுதினார்கள்! சோதித்துப் பார்த்தபோது பூச்சியை அலகின் நுனியால்தான் பிடிக்கிறது என்று தெரிந்தது. பறக்கும்போது கண்ணில் துகள் படாமல் காக்கவே அந்த இறகுகள் உதவுகின்றன என்று காட்டும் சோதனைகள் வந்தன. கதை அழகாக இருந்தது என்பதைத் தவிர வலைக்கு வேறு ஆதாரம் இல்லை.

நாண்தசை:

சந்தேகி, நியாயமான கேள்வி. கதை கட்டாமல் இருக்க ஒரே வழி, உறுப்பை மாற்றிப் பார்ப்பது.

கிராஸ்பில்லில் அதைச் செய்திருக்கிறார்கள். மேலலகும் கீழலகும் நுனியில் ஒன்றையொன்று தாண்டிக் குறுக்கே போகும் பறவை அது. பைன் கூம்பின் செதில்களுக்கு இடையே நுழைத்துப் பிரித்து விதையை எடுக்கும். நுனியில் குறுக்கே போகும் பகுதியை மட்டும் வெட்டினார்கள். அது நகம் போன்ற பொருள், வலிக்காது, மறுபடி வளரும். வெட்டிய பிறகு, தானே விரிந்த கூம்பிலிருந்து பழையபடி விதை எடுக்க முடிந்தது. மூடிய கூம்பிலிருந்து முடியவில்லை. அலகு வளர வளர அந்தத் திறனும் திரும்பியது. இதைக் கட்டுக்கதை என்று சொல்ல முடியாது.

வாலை ஊன்றுவதா காலை நம்புவதா என்ற கேள்விக்கு: உடம்பைப் பார்த்து ஒரே ஒரு விடை சொல்ல முடியும் என்று நான் சொல்லவில்லை. வாலும் பலவீனம், நகமும் குட்டை என்றால் அந்தப் பறவை அடிமரத்தில் பிழைக்காது என்று சொல்லலாம். அதுவே பெரிய விஷயம்.

புல்விதை:

எல்லோரும் பூச்சி தின்னிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். விதை தின்னிகள் பக்கம் வாருங்கள், அங்கே அலகுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

ஹாஃபிஞ்ச் என்ற பறவை 50, 60 கிராம். செர்ரிக் கொட்டையை உடைத்துத் தின்னும். அந்தக் கொட்டையை உடைக்க 27 முதல் 43 கிலோ எடைக்கு நிகரான விசை தேவை என்று அளந்திருக்கிறார்கள். இதற்கு அலகு தடிமனாக இருந்தால் மட்டும் போதாது. மண்டையோட்டின் பக்கவாட்டில் தாடைத் தசைகள் பருத்திருக்க வேண்டும், கொட்டையை அலகின் அடிப்பகுதியில், மூட்டுக்கு அருகே வைத்துக் கடிக்க வேண்டும். விலை என்னவென்றால் வேகம். பலமாகக் கடிக்கும் தாடை வேகமாகத் திறந்து மூடாது. பறக்கும் ஈயை ஹாஃபிஞ்ச் பிடிக்கப் போனால் ஈக்குத்தான் கொண்டாட்டம்.

கோல்ட்ஃபிஞ்ச் நேர்மாறு. நீண்ட கூரான அலகு, முள் நிறைந்த டீசல் (teasel) என்ற செடியின் தலைக்குள் விட்டு விதையை உருவும். அதிலும் ஆணின் அலகு பெண்ணுடையதைவிடச் சற்று நீளம். அந்தச் செடியில் ஆண்களைத்தான் அதிகம் பார்க்க முடியும். ஒரே இனத்துக்குள்ளேயே இப்படி!

சில்லைகளை மறந்துவிடாதீர்கள். புல் தண்டை இரு காலாலும் பற்றிக்கொண்டு, தண்டு வளைந்தாலும் விடாமல் கதிரைக் கொத்துகிற காட்சி. அங்கே தடித்த அலகும் லேசான உடலும் பிடிக்கும் காலும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. இவற்றில் எது முக்கியம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நிழல்குடை:

அலகுக்கு இரை பிடிப்பது மட்டுமா வேலை? உடல் சூட்டை வெளியேற்றுவதும் அதன் வழியே நடக்கிறது. அமெரிக்காவின் பாட்டுச் சிட்டுகளில் கோடை வெப்பம் கூடிய இடங்களில் அலகு பெரிதாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். டார்வின் சிட்டுகளில் (கலாபகஸ் தீவுகளில் வாழும் சிட்டுகள்) தடித்த அலகுள்ளவை தம் பாட்டில் வேகமான அதிர்வுகளை எழுப்பத் திணறுகின்றன. அலகை அளந்து உணவை மட்டும் ஊகிக்கப் போனால் இந்தக் குழப்பமெல்லாம் நடுவில் புகுந்துவிடும்.

2019-இல் ஏராளமான பறவை மண்டையோடுகளை முப்பரிமாணத்தில் அளந்து ஓர் ஆய்வு வந்தது. அலகின் வடிவ வேறுபாட்டில் உணவுப் பழக்கத்தால் விளக்க முடிகிற பங்கு சிறிதுதான் என்றார்கள். ஆனால் 2020-இல் அலகோடு இறக்கை, வால், கால், எடை எல்லாவற்றையும் சேர்த்து உலகின் ஏறக்குறைய எல்லாப் பறவை இனங்களுக்கும் கணக்குப் போட்டபோது, உணவையும் இரை தேடும் முறையையும் நன்றாகவே ஊகிக்க முடிந்தது. நாண்தசை காலிலிருந்து தொடங்கியது சும்மா இல்லை. (இந்த மாதிரி அளவுகள் இப்போது யாரும் எடுத்துப் பார்க்கலாம். 2022-இல் வெளியான அவோனெட் தொகுப்பில் 11,009 இனங்கள், 90,020 தனிப் பறவைகளின் அளவுகள் இருக்கின்றன.)

சந்தேகி:

சரி, உடம்பு முழுக்கச் சேர்த்தால் ஊகிக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் உடம்பு அனுமதிக்காததையும் பறவைகள் செய்கின்றனவே. பூவின் குழல் நீளமாக இருந்தால் அலகு எட்டாத தேன்சிட்டு என்ன செய்கிறது? பூவின் அடியில் துளை போட்டுத் தேனை எடுத்துவிடுகிறது. கலாபகஸில் மரங்கொத்திச் சிட்டு என்று ஒன்று, மரங்கொத்தியின் நீள நாக்கு அதற்கு இல்லை. கள்ளி முள்ளை அலகில் பிடித்து இடுக்கிலிருந்து புழுவைக் குத்தி வெளியே தள்ளுகிறது. ஹவாயில் அகியாபோலாவ் என்ற பறவை இருக்கிறது, அதன் கீழலகு குட்டை, நேர். அதால் மரத்தைக் கொத்தும். மேலலகு நீளம், வளைவு. அதால் புழுவைத் தோண்டும். மூன்றும் தேடுவது ஏறக்குறைய ஒரே மாதிரி ஒளிந்திருக்கும் உணவு. ஒன்று குறுக்கு வழி, ஒன்று கருவி, ஒன்று உடம்பு.

முதலில் வந்தது எது? பழக்கமா, உறுப்பா?

சிறகடி:

இரண்டு தகவல் போடுகிறேன், முடிவு நீங்களே சொல்லுங்கள்.

ஒன்று: 1970களில் நீலப் பட்டாணிக்குருவி, கரிப் பட்டாணிக்குருவிக் குஞ்சுகளைக் கையால் வளர்த்தார்கள். மரத்தையே பார்க்காமல் வளர்ந்தவை. பிறகு ஓக் கிளையையும் பைன் கிளையையும் வைத்தபோது, தடித்த குட்டை அலகுள்ள நீலம் ஓக்கையும், மெல்லிய அலகுள்ள கரி பைனையும் அதிகம் நாடின. காட்டில் அவை வாழும் மரங்களும் அவைதான். ஆக விருப்பமும் உடலோடு சேர்ந்தே பரம்பரையாக வருகிறது.

இரண்டு: சுவீடனின் கோட்லாண்ட் தீவில் கரிப் பட்டாணிக்குருவி இருக்கிறது, பெருநிலத்தில் அதோடு போட்டி போடும் கொண்டைப் பட்டாணிக்குருவியும் வில்லோ பட்டாணிக்குருவியும் அங்கே இல்லை. பெருநிலத்தில் உடல் பெரிய அந்த இரண்டும் மரத்தின் உட்பகுதியைப் பிடித்துக்கொள்ள, கரிக் குருவி நுனிக்குத் தள்ளப்படுகிறது. தீவில் அது உட்பகுதியிலும் தாராளமாக மேய்கிறது, உடலும் பெருநிலத்துக் குருவியைவிடப் பெரியது. நுனியில் தொங்கும் கட்டாயம் போனதும் லேசாக இருக்கும் கட்டாயமும் தளர்ந்தது என்று நான் படிக்கிறேன்.

நாண்தசை:

எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு, சொல்லிவிடுகிறேன். உடலமைப்புக்கும் உணவுக்கும் உள்ள உறவை வளமான பருவத்தில் தேடக் கூடாது. புழு பொங்கி வழியும்போது எல்லாப் பறவையும் ஒரே புழுவைத்தான் தின்னும். அலகு நீளமோ குட்டையோ யாரும் கேட்கப் போவதில்லை. அந்த நேரத்தில் போய் நின்று பார்த்துவிட்டு உடம்புக்கும் உணவுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதுகிறார்கள்.

ஆய்வாளர் தம்பதி பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் இருவரும் கலாபகஸின் டாஃப்னி மேஜர் தீவில் பார்த்தது இதைத்தான். மழைக்காலத்தில் சிட்டுகள் எல்லாம் சின்ன, மென்மையான விதையைத் தின்றன. 1977-இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்து, நெருஞ்சி இனத்தின் கடினமான முள்காய்கள்தான் மிஞ்சின. அங்கிருந்த நடுத்தரத் தரைச்சிட்டுகளில் பெரும்பகுதி இறந்தன. பிழைத்தவை சராசரியாக உடல் பெருத்தவை, அலகு ஆழமானவை. அடுத்து பிறந்த குஞ்சுகளுக்கும் அலகு ஆழம் கூடியிருந்தது. 1983-இல் எல் நினோ பெருமழை வந்து சின்ன விதை குவிந்த பிறகு, சின்ன அலகுக்காரர்கள் பக்கம் காற்று திரும்பியது. அலகில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் பசுமையான வருடத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

சந்தேகி, மெக்ஆர்தரின் வார்ப்ளர்கள் கோடையில், கூடுகட்டும் பருவத்தில் பார்க்கப்பட்டவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகி:

சேர்த்துக்கொண்டேன். ஆனாலும் அந்த ஐந்தும் புழு மிகுந்த காலத்திலேயே இடம் பிரித்துக்கொண்டன. அதற்கு உங்கள் பஞ்சகால வாதத்தில் பதில் இல்லை.

நாண்தசை:

இல்லைதான். உடம்பு எல்லை போடுகிறது, எல்லைக்குள் யார் எங்கே நிற்பது என்பதைப் போட்டியும் பழக்கமும் தீர்மானிக்கின்றன என்பதற்கு மேல் என்னால் போக முடியவில்லை.

கிளைநுனி:

நான் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. இனி சும்மா பார்க்காமல் குறிப்பெடுக்கலாம் என்று இருக்கிறேன். எதைக் குறிப்பது?

புல்விதை:

பறவை எந்த நிலையில் இரையைக் கொத்தியது என்பதைக் குறியுங்கள்: நிமிர்ந்தா, எட்டியா, பக்கவாட்டில் பற்றியா, தலைகீழாகத் தொங்கியா, அந்தரத்தில் நின்றா, பாய்ந்தா. அடுத்து கிளையின் தடிமன். சென்டிமீட்டர் வேண்டாம், "பறவையின் காலைவிட மெலிது, விரல் தடிமன், அதைவிடத் தடிமன்" என்று மூன்று வகை போதும். மரத்தின் உட்பக்கமா, நடுவா, ஓரமா என்பது மூன்றாவது.

ஒரு எச்சரிக்கை. பறவையைக் கண்டவுடன் செய்துகொண்டிருந்ததை எழுதாதீர்கள். தொங்குகிறவனும் அந்தரத்தில் நிற்பவனும்தான் முதலில் கண்ணில் படுவான். உள்ளே அமைதியாக உட்கார்ந்து கொத்துகிறவன் தெரியவே மாட்டான். கண்ட பிறகு மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு, அதற்குப் பிறகு செய்யும் முதல் கொத்தலை எழுதுங்கள். ஒரே பறவையின் பத்துக் கொத்தலைப் பத்துப் பதிவாகக் கணக்கிடவும் வேண்டாம்.

சிறகடி:

அலகை அளக்கிற யாராவது இதைப் படித்தால்: மாதத்தையும் எழுதுங்கள். அலகு வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்ந்துகொண்டே இருக்கும். பெரும் பட்டாணிக்குருவிக்குக் குளிர்காலத்தில் கொட்டை கொத்தி நுனி மழுங்கும், கோடையில் பூச்சிக்கு மாறியதும் நீண்டு கூராகும். ஜூன் அளவையும் ஜனவரி அளவையும் கலந்து சராசரி எடுத்தால் அப்படி ஒரு பறவை எங்கும் இல்லை.

வானம்பாடி_கே:

கேமராவில் மட்டும் எடுப்பவர்களால் இதில் ஏதாவது உபயோகம் உண்டா? எடை போட என்னால் முடியாது.

நாண்தசை:

நிறைய உண்டு. பக்கவாட்டில் எடுத்த படத்தில் கணுக்காலுக்கும் பாதத்துக்கும் இடைப்பட்ட நீளத்தை அலகு நீளத்தோடு ஒப்பிடலாம். பின்விரல் நகம் வளைந்ததா நீட்டியதா என்று தெரியும். வாலிறகின் நுனி மரத்தில் உரசித் தேய்ந்திருக்கிறதா என்பது நல்ல படத்தில் அப்பட்டமாகத் தெரியும். தொங்கும்போது எடுத்த படங்கள் இருந்தால் அவற்றைத் தனியாக ஒதுக்கி வையுங்கள், இரண்டு காலாலும் பிடித்திருக்கிறதா, ஒற்றைக் காலாலா என்று பார்ப்போம். இனப்பெயரும் மாதமும் போட்டு இந்த இழையிலேயே ஏற்றுங்கள்.